நோத்தோபிராங்கியஸ் ஃபர்ஸேரி: மழைக்குட்டையில் பிறந்து வெயிலுக்கு முன் முடியும் மீன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு மீனைப் பற்றிய பக்கம் இது. நோத்தோபிராங்கியஸ் ஃபர்ஸேரி என்பது அதன் அறிவியல் பெயர். ஆங்கிலத்தில் டர்க்காய்ஸ் கில்லிஃபிஷ் என்பார்கள். கீழே சுருக்கமாக ‘ஃபர்ஸேரி’ என்றே எழுதுகிறோம். முதல் பாதி அதன் இனமும் உயிரியலும், பிற்பாதி வளர்ப்பு.

கில்லிமீன் என்றால் கொல்லும் மீனா?

இல்லை. ‘கில்’ என்பது வாய்க்காலையும் ஓடையையும் குறிக்கும் டச்சுச் சொல். வாய்க்கால் மீன் என்பதுதான் பொருள். முட்டையிடும் சிறு மீன்களில் பல குடும்பங்களுக்கு இது பொதுப்பெயர். எல்லாக் கில்லிமீனும் பருவ மீன் கிடையாது. குட்டை ஆண்டுதோறும் வற்ற, மீன்கள் அத்தனையும் செத்துப்போய், அடிமண்ணில் கிடக்கும் முட்டைகளிலிருந்து அடுத்த மழைக்கு மறுபடி பிறக்கும் கூட்டத்தைத்தான் பருவக் கில்லி என்கிறோம். ஃபர்ஸேரி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

ஃபர்ஸேரி எங்கே வாழ்கிறது?

ஜிம்பாப்வேயின் தென்கிழக்கு மூலையிலும் அதை ஒட்டிய தென் மொசாம்பிக்கிலும். வடக்கே சாவே ஆறு வரையும் தெற்கே லிம்போப்போ ஆற்றுப் பகுதியிலும் பரவிய தாழ்நிலம். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் மழை. உள்நாட்டுப் பக்கம் மழை குறைவு, ஆண்டுக்கு ஆண்டு நிச்சயமும் இல்லை. கடற்கரையை நெருங்க நெருங்க ஈரம் கூடும். இந்த மழை வேறுபாட்டை நினைவில் வையுங்கள், ஆயுள் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

பெயர் எப்படி வந்தது?

1968இல் ஜிம்பாப்வேயின் இன்றைய கோனாரெஷோ தேசியப் பூங்காப் பகுதியில், சாசாலே பான் என்ற ஆழமில்லாத குட்டையில் இம்மீனைப் பிடித்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஃபர்ஸர். தென்னாப்பிரிக்க மீனியலாளர் ஜப் 1971இல் புதிய இனமாக விவரித்தபோது அவர் பெயரையே வைத்தார். பேரினப் பெயர் அதற்கு நூறாண்டு மூத்தது. 1868இல் ஜெர்மானிய விலங்கியலாளர் பீட்டர்ஸ் வைத்தது. கிரேக்கத்தில் ‘பொய்ச் செவுள்’ என்று பொருள்படும்.

வகைப்பாட்டில் இதன் இடம் என்ன?

வரிசை சிப்ரினோடான்டிஃபார்ம்ஸ். கப்பி, மோலி எல்லாம் இதே வரிசைதான், ஆனால் அவை வேறு துணைவரிசை. ஃபர்ஸேரி இருப்பது அப்லோகைலாய்டை என்ற துணைவரிசையில், நோத்தோபிராங்கிடே என்ற ஆப்பிரிக்கக் குடும்பத்தில். அதே துணைவரிசையில் தென்னமெரிக்காவுக்கு ரிவுலிடே குடும்பம், நம் பக்கத்துக்கு அப்லோகைலிடே குடும்பம்.

அந்த மூன்றாவதைத் தமிழ் வாசகர்கள் பலரும் கண்ணால் பார்த்திருப்பார்கள். தமிழ்நாட்டு வாய்க்கால், வயல், கோயில் குளங்களில் நீர் மட்டத்தை ஒட்டி அசையாமல் நின்று, தலைமேல் ஒரு வெள்ளிப் புள்ளி மின்னும் மீன் அப்லோகைலஸ். இலங்கையில் அப்லோகைலஸ் டேயி என்ற இனம் அத்தீவுக்கே உரியது. இவை ஃபர்ஸேரிக்குத் தூரத்து உறவு. ஆனால் ஆண்டு முழுக்க நீரிலேயே இருப்பவை, முட்டையை மண்ணில் புதைத்துக் காத்திருக்கும் பழக்கம் இவற்றுக்குக் கிடையாது. பருவ வாழ்க்கை ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தனித்தனியாகத் தோன்றியது. வெனிசுலாவின் ஆஸ்ட்ரோஃபண்டுலஸும் ஃபர்ஸேரியும் ஒரே மாதிரி வாழ்கின்றன என்பதற்காக அவற்றை நெருங்கிய சொந்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

நோத்தோபிராங்கியஸ் பேரினத்தில் இப்போது 90க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஃபர்ஸேரிக்கு மிக நெருங்கியது நோத்தோபிராங்கியஸ் கட்லேசி. ஆர்த்தோனோட்டஸ், குன்ட்டே ஆகிய இனங்கள் அடுத்த வட்டம்.

கட்லேசியை ஏன் தனி இனமாக்கினார்கள்? பார்த்தால் ஒன்று போலத்தானே இருக்கிறது?

சாவே ஆற்றுக்கு வடக்கே உள்ள கூட்டங்களை 2010 வரை ஃபர்ஸேரியாகவே எண்ணியிருந்தார்கள். மரபணுவில் இரு கரைகளுக்கும் தெளிவான பிரிவு தெரிந்தது, ஆண்களின் நிறத்திலும் நிலையான வேறுபாடுகள் இருந்தன. அந்த ஆண்டு ரைஹார்ட் வடகரை மீன்களைக் கட்லேசி என்று பிரித்தார். கடையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் நிற்கும் சிவப்பு வால் ஆணை வெறும் கண்ணால் இது அது என்று அடித்துச் சொல்ல முயல வேண்டாம். பிடித்த இடம் தெரியாவிட்டால் இனமும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குட்டையில் ஃபர்ஸேரியோடு சேர்ந்து வாழும் மற்ற இரண்டைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. ஆர்த்தோனோட்டஸ் உருவில் பெரிது, தலை கூம்பியிருக்கும், வாய் அகலம், பெண்ணின் உடலில் பெரும்பாலும் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும். ஃபர்ஸேரிப் பெண்ணுக்குப் புள்ளியே கிடையாது. இன்னொரு இனமான பியனாரி சிறியது, உடல் நீளம் குறைந்து உயர்ந்திருக்கும்.

சிவப்பு வால், மஞ்சள் வால் இரண்டு வகைப் படங்கள் வருகின்றனவே, இரண்டும் ஃபர்ஸேரிதானா?

ஆம். ஆண்களில் இரண்டு நிற வடிவங்கள் உண்டு. ஒன்றில் வால் முழுவதும் சிவப்பு. மற்றதில் வாலின் ஓரத்தில் மஞ்சள் பட்டையும் அதற்கு வெளியே கறுப்புக் கரையும் இருக்கும். இரண்டிலும் உடல் நீலப் பச்சை, ஒவ்வொரு செதிலுக்கும் சிவந்த விளிம்பு. பெண் மங்கலான பழுப்பு, துடுப்புகள் கண்ணாடி போல. ஆண் 6, 7 செ.மீ. வரை வளரும், பெண் அதைவிடச் சிறிது.

பகட்டு நிறத்துக்கு ஆண் விலை கொடுக்கிறது. பறவை கண்ணில் முதலில் படுவது அதுதான். மழை தொடங்கிய சில வாரங்களிலேயே இயற்கைக் குட்டைகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களை மிஞ்சிவிடும். பிறக்கும்போது இரண்டும் பாதிப் பாதிதான். மனிதனைப் போல இதற்கும் எக்ஸ், ஒய் முறையில்தான் பால் தீர்மானமாகிறது.

அந்த வட்டாரத்தில் எல்லாக் குட்டையிலும் இது இருக்குமா?

இருக்காது. இந்த மீனைப் புரிந்துகொள்ளத் தண்ணீரைவிட அடிமண்ணைப் பார்ப்பதுதான் முதல் வழி. அது கறுப்புக் களிமண். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் எந்த மண்வகையோ அதே வகை. நனைந்தால் உப்பி இறுகி, நீரைக் கீழே விடாது. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்புகளுக்கு நடுவே கட்டியின் உள்பகுதி மட்டும் லேசான ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். முட்டை பிழைப்பது அந்த ஈரத்தில்தான். மணற்பாங்கான குட்டை பக்கத்திலேயே இருந்தாலும் அங்கே ஃபர்ஸேரி நிலைப்பதில்லை. நிரந்தரமாக நீர் நிற்கும் ஏரியிலும் இல்லை, அங்கே பெரிய மீன்கள் விட்டுவைக்காது, முட்டை கிடக்கும் மண் காயவும் காயாது.

குட்டை பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைந்த ஆழம். நீர் கலங்கல். பகல் வெயிலில் 30 டிகிரியைத் தாண்டி, இரவில் பல டிகிரி இறங்கும். இந்த நீரிலேயே ஆப்பிரிக்க நுரையீரல் மீனும் வாழும், அது ஃபர்ஸேரியைத் தின்னும். தவளை வேட்டையாடும் பெரிய நீர்ப்பூச்சிகளும் தின்னும். ஃபர்ஸேரி தின்பது நீர்த்தெள்ளு, கோப்பிபாட் என்ற நுண்ணிய நீருயிர், கொசுப்புழு.

ஆயுள் மூன்று மாதம் என்கிறார்கள், உண்மையா?

எந்தக் கூட்டம் என்பதைப் பொறுத்தது. 2003இல் இத்தாலியர்கள் வால்டெசாலிச்சியும் செல்லரினோவும் கோனாரெஷோ வம்சத்தை (அங்கே பிடித்த மீன்களின் வழிவந்தவை) வைத்துப் பார்த்ததில், பாதி மீன்கள் 9 வாரத்தில் செத்தன. கடைசி மீன் ஏறத்தாழ 12 வாரம் தாண்டவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முதுகெலும்பிகளில் இவ்வளவு குறுகிய ஆயுள் அதுவரை பதிவானதில்லை. இன்று வளர்ப்பு முறை மேம்பட்டதால் அதே வம்சம் நான்கிலிருந்து ஆறு மாதம் வரை போகிறது. மொசாம்பிக்கின் ஈரமான பகுதியிலிருந்து வந்த வம்சங்கள் இன்னும் சில மாதம் கூடுதலாக வாழும்.

இரண்டுக்கும் ஒரே தீனி, ஒரே நீர் கொடுத்தாலும் வறண்ட நிலத்து வம்சம் விரைவில் முதுமை அடைகிறது. குட்டை சீக்கிரம் வற்றும் ஊரில் நீண்ட ஆயுளுக்கு உதவும் மரபணுக்களைத் தேர்ந்தெடுக்க இயற்கைக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது என்பதுதான் இதற்கான விளக்கம். வளர்ப்பவர் கையில் இருக்கும் ஒரே பெரிய கருவி வெப்பநிலை. 25 டிகிரியில் வைத்ததைவிட 22இல் வைத்த மீன்கள் கூடுதலாக வாழ்ந்தன, நீந்தும் சுறுசுறுப்பும் கற்கும் திறனும் மெதுவாகவே குறைந்தன.

காட்டில் முதுமை வரை போகும் மீன் குறைவு. அதற்கு முன்பே குட்டை வற்றிவிடும், அல்லது கொக்கு வந்துவிடும்.

எவ்வளவு வேகமாக வளரும்?

பொரிக்கும்போது 5 மி.மீ. ஆய்வகத்தில் நன்றாகத் தீனி கிடைத்தால் 18 நாளில் முட்டையிடத் தொடங்கும். மொசாம்பிக் குட்டைகளில் நேரடியாக ஆராய்ந்தபோது 14 நாளிலேயே பருவமடைந்த மீன்கள் கிடைத்தன, 2018இல் வெளியான கணக்கு இது. முதுகெலும்பிகளில் இதைவிட விரைவாகப் பருவமடைவது வேறெதுவும் பதிவில் இல்லை. முட்டை தூங்காமல் நேராக வளர்ந்தால் அதற்கு இன்னொரு இரண்டு வாரம். ஆக ஒரு முழுத் தலைமுறை ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும்.

முட்டை எப்படி இடுகிறது?

தினமும், பெரும்பாலும் காலை வேளையில். ஆண் துடுப்புகளை விரித்துப் பெண்ணைத் தடுத்து நிறுத்தும். பெண் அடிமண்ணை நோக்கி இறங்கும். ஆண் தன் முதுகுத்துடுப்பைப் பெண்ணின் முதுகின் மேல் போர்வை போலச் சுற்றும். இரண்டும் மண்ணை அழுத்தி ஒரு கணம் நடுங்கும். அந்த உதறலில் ஒரே ஒரு முட்டை வெளியே வந்து, கருவுற்று, சேற்றுக்குள் போய்விடும். சில நொடிகளில் அடுத்தது. நல்ல தீனியில் ஒரு பெண் நாளுக்கு 20 முதல் 50 முட்டை இடும்.

முட்டை ஏறத்தாழ 1 மி.மீ. கண்ணாடிக் குண்டு போல, லேசான தேன் நிறம். ஓடு கெட்டி, மேலே மண்துகள் ஒட்டுவதற்கான நுண்ணிய இழைகள் உண்டு. நல்ல முட்டையை விரல் நுனிகளுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், மணல் மணி போல உருளும், நசுங்காது. வெள்ளையாகிப் பஞ்சு போலத் தொட்டதும் உடைவது கருவுறாதது.

காய்ந்த மண்ணில் முட்டை எப்படி மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கிறது?

வளர்ச்சியை நிறுத்தி வைப்பதால். இந்த நிறுத்தத்துக்கு டயபாஸ் என்று பெயர், நாம் கருத்தூக்கம் என்று சொல்லலாம். வூர்ம்ஸ் என்ற அமெரிக்கர் 1972இல் பருவக் கில்லிகளில் இது மூன்று இடங்களில் வரும் என்று வகுத்தார். இன்றும் அந்த எண்களையே பயன்படுத்துகிறோம்.

முதல் தூக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த மீன்களின் கரு செய்யும் ஒரு விநோதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற மீன்களில் செல்கள் பெருகியதும் நேராக உடல் வடிவம் எடுக்கத் தொடங்கும். பருவக் கில்லியில் செல்கள் முதலில் மஞ்சள்கருவின் மேல் தனித்தனியாகச் சிதறிப்போகும். பிறகுதான் மறுபடி ஒரு இடத்தில் கூடி உடலைக் கட்டும். அந்தச் சிதறிய கட்டத்திலேயே நின்றுவிடுவது முதல் தூக்கம். அப்போது உடல் என்று ஒன்றே கிடையாது, எனவே ஒன்றிரண்டு செல் செத்தாலும் பாதகமில்லை. ஆக்சிஜன் இல்லாத சேறு, குளிர்ச்சி, பெரிய மீன்கள் அருகில் இருப்பது, இவை முதல் தூக்கத்தைத் தூண்டும். குட்டையில் நீர் நிற்கும்வரை முட்டை வளராமல் இருக்க வேண்டும் அல்லவா, அதற்கு இது பொருத்தம்.

குட்டை வற்றி மண்ணில் காற்றுப் புகுந்ததும் வளர்ச்சி தொடரும். உடலின் அச்சு உருவாகி, ஏறத்தாழ 38 இணை உடற்கண்டங்கள் வந்து, குழாய் போன்ற இதயமும் அமைந்த நிலையில் இரண்டாம் தூக்கம். மிக நீளமானது இதுதான். இதயத் துடிப்பு மிக மெதுவாகிவிடும். மாதங்கள் இப்படியே போகும், ஆண்டைத் தாண்டவும் முடியும். இந்தத் தூக்கத்தில் கழிந்த காலம் பின்னால் மீனின் ஆயுளைக் குறைப்பதில்லை. எட்டு மாதம் தூங்கிப் பொரித்ததும், தூங்காமல் பொரித்ததும் ஒரே அளவு வளர்ந்து ஒரே அளவு வாழும். தசையும் செயலும் அழியாமல் காக்க, சில மரபணுக்களை அடக்கியும் சிலவற்றைத் தாங்கியும் பிடிக்கும் புரதக் கூட்டங்கள் வேலை செய்வதை 2020இல் ஸ்டான்ஃபோர்ட் குழு காட்டியது.

மூன்றாவது தூக்கம் பொரிக்கத் தயாரான குஞ்சினுடையது. ஓட்டுக்குள் சுருண்டு, கண்கள் முழுதாக வந்து, மழைக்குக் காத்துக் கிடக்கும். இந்தக் கட்டத்தில் மஞ்சள்கரு மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும், ஆகவே காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு.

ஒரே நாளில் இட்ட முட்டைகள் ஏன் ஒன்றாகப் பொரிப்பதில்லை?

ஒன்றாகப் பொரித்திருந்தால் இந்த மீன் என்றோ அழிந்திருக்கும். பருவத்துக்கு முன் ஒரு பொய்மழை பெய்து, குட்டை பத்து நாள் நிறைந்து, மறுபடி காய்ந்துவிட்டால் பொரித்த குஞ்சு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே தாயின் முட்டைகளிலேயே சில எந்தத் தூக்கமும் இல்லாமல் ஓடிவிடும், சில இரண்டாம் தூக்கத்தில் சிக்கும், சில அடுத்த ஆண்டுக்கும் மிஞ்சும். மண்ணுக்குள் முட்டைகள் சேமிப்புக் கணக்கு போல. வெப்பநிலை இந்தப் பங்கீட்டை மாற்றும். 28 டிகிரிக்கு மேல் வைத்தால் பெரும்பான்மை தூங்காமல் வளரும், 22 பக்கம் வைத்தால் பெரும்பான்மை தூங்கும்.

வளர்க்க என்னென்ன வேண்டும்?

ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வீதம் 20 லிட்டர் டேங்க். இரண்டு ஆண் மட்டும் விட்டால் வலியது மெலியதைத் துரத்தியே கொன்றுவிடும். நிறைய ஆண் இருந்தால் கோபம் பரவி ஆபத்து குறையும். மூடி கட்டாயம், குதிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் காற்று மெதுவாக வரட்டும், வேகமான நீரோட்டம் இதற்கு ஆகாது. நீர் 24 முதல் 26 டிகிரி, பி.எச். 7 முதல் 7.5, நடுத்தரக் கடினம். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆர்.ஓ. நீரை அப்படியே ஊற்றாதீர்கள். அயோடின் சேராத கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம் எப்போதும் இருக்கட்டும்.

தீனி தாராளமாக வேண்டும். உறைய வைத்த ப்ளட் வார்ம் (சிவப்புப் புழு), டாஃப்னியா (நீர்த்தெள்ளு), வளர்ந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்), நாளுக்கு இரண்டு முறை. இவ்வளவு தின்னும் மீன் அவ்வளவு கழிவும் போடும். வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றாவிட்டால் அம்மோனியா ஏறி, முதலில் முட்டை குறையும், பிறகு மீன் சாயும்.

முட்டையை எப்படி எடுத்து உலர்த்துவது?

முட்டையிட வெளிநாட்டில் போடும் பீட் பாசிக்குப் (மட்கிய பாசித்தூள்) பதிலாக நம் ஊரில் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள் போதும். ஆனால் அதில் உப்பும் சாயமும் இருக்கும். 20 நிமிடம் கொதிக்க வைத்து, துணியில் பிழிந்து, நிறம் நன்றாக வெளுக்கும் வரை நான்கைந்து தண்ணீர் அலசுங்கள். இந்த அலசலைச் சுருக்கியவர்களுக்குத்தான் முட்டைகள் மொத்தமாக வெள்ளையாகின்றன.

ஐஸ்கிரீம் டப்பா போன்ற ஒன்றின் மூடியில் கை நுழையும் துளை வெட்டி, உள்ளே 3 செ.மீ. நார்த்தூள் போட்டு டேங்கில் இறக்குங்கள். மீன்கள் அதற்குள் போய் இடும். வாரம் ஒருமுறை டப்பாவை எடுத்து, நார்த்தூளை வலையில் கொட்டி வடித்து, கையால் மெல்ல அழுத்திப் பிழியுங்கள். முட்டை ஓடு அதைத் தாங்கும். பிறகு செய்தித்தாளில் பரப்பி நிழலில் வையுங்கள். எவ்வளவு நேரம் என்று மணிக்கணக்கு சொல்ல முடியாது, ஈரக்காற்று நாளில் நாள் முழுக்க ஆகும். பதம்தான் அளவு. புட்டுக்குப் பிசைந்த மாவு பதம் வேண்டும். பிடித்தால் பிடியாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இதைவிட ஈரமென்றால் முட்டை முதல் தூக்கத்திலேயே கிடக்கும் அல்லது பூஞ்சை பிடிக்கும். இதைவிடக் காய்ந்தால் முட்டையில் பள்ளம் விழும். லேசான பள்ளத்தை ஓரிரு சொட்டு நீர் தெளித்துச் சரிசெய்யலாம், முழுதாகச் சப்பிப்போனதை மீட்க முடியாது.

ஜிப் பையில் பாதி காற்றோடு அடைத்து, இனம், பிடித்த இடக் குறி (கடைசிக் கேள்வியில் விளக்கம்), தேதி மூன்றையும் எழுதி, இருட்டில் 24 முதல் 28 டிகிரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை பையைத் திறந்து காற்று மாற்றிவிடுங்கள்.

எப்போது நனைக்க வேண்டும்?

நாள்காட்டியை நம்பாமல் முட்டையைப் பாருங்கள். ஒரு மாதத்திலிருந்து வாரந்தோறும் சிட்டிகை நார்த்தூளை வெள்ளைத் தட்டில் தட்டி, பூதக்கண்ணாடியில் ஐந்தாறு முட்டையைத் தேடுங்கள். வெறும் தெளிந்த குண்டாக இருந்தால் முதல் கட்டம். உள்ளே மெல்லிய கோடு மட்டும் தெரிந்தால் இரண்டாம் தூக்கம், காத்திருக்கணும். முட்டை முழுவதும் கறுத்து, இரண்டு கண்கள் தெளிவாகத் தெரிந்து, கண்ணைச் சுற்றித் தங்க வளையம் மின்னினால் தயார். வெப்பமாக வைத்தவற்றில் இது ஆறு, எட்டு வாரத்தில் வரலாம். குளிர்ச்சியாக வைத்தவை ஆறு மாதமும் எடுக்கும்.

பாதிக்கு மேல் தயாரானதும் ஆழமில்லாத டிரேயில் கொட்டி, 16 முதல் 20 டிகிரி குளிர்ந்த நீர் 4 செ.மீ. உயரத்துக்கு ஊற்றிக் கிளறிவிடுங்கள். சென்னை வெயிலில் இதற்கு ஃப்ரிட்ஜ் தண்ணீர் கலக்க வேண்டியிருக்கும். முதல் குஞ்சுகள் சில மணி நேரத்தில் நீந்தும், பெரும்பாலானவை ஒரு நாளில்.

கண் தெரிந்தும் பொரிக்கவில்லை. பொரித்தவையும் தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிடக்கின்றன. என்ன தவறு?

பொரிக்காதவற்றைப் பொரிக்க வைக்க ஒரு வழி உண்டு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால்தான் குஞ்சு ஓட்டைக் கரைக்கும் நொதியை விடும். ஏர் பம்ப் போட்டிருந்தால் நிறுத்துங்கள். ஒரு சிட்டிகை மீன் தீனித் தூளைத் தூவினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை இழுக்கும். சில மணி நேரத்தில் பலன் தெரியும். பொரித்ததும் உடனே குஞ்சுகளைச் சுத்தமான நீருக்கு மாற்றிவிட வேண்டும்.

வயிறு உரசும் குஞ்சுக்குக் காற்றுப்பை நிரம்பவில்லை. அவசரப்பட்டு முன்பே நனைத்தது, அல்லது மூன்றாம் தூக்கத்தில் நெடுநாள் விட்டு மஞ்சள்கரு தீர்ந்தது, அல்லது நீர் ஆழமாக இருந்து மேற்பரப்புக்கு ஏறிக் காற்றை விழுங்க முடியாமல் போனது, இவைதான் வழக்கமான காரணங்கள். அவை தேறுவதில்லை, பிரித்துவிடுங்கள்.

நனைத்த நார்த்தூளை எறியாதீர்கள். மறுபடி அதே பதத்துக்கு உலர்த்தி, மூன்று நான்கு வாரம் கழித்து மீண்டும் நனையுங்கள். இரண்டாம் தடவை முதல் தடவையைவிட அதிகம் பொரிப்பதும் உண்டு.

குஞ்சுக்கு என்ன கொடுப்பது?

முதல் நாளிலிருந்தே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா. லிட்டர் நீருக்கு 25 கிராம் உப்பு, 27 டிகிரி, நல்ல காற்று, வெளிச்சம், 24 மணி நேரம். பொரித்த சில மணியிலேயே கொடுங்கள், நேரமானால் சத்து குறையும். நாளுக்கு மூன்று முறை. வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாகத் தெரியணும். 10 லிட்டரில் முதல் வாரம் 25 குஞ்சுக்கு மேல் வேண்டாம், பிறகு பிரித்துவிடுங்கள். நெருக்கடியில் வளர்ந்தது பின்னால் எவ்வளவு கொடுத்தாலும் முழு அளவுக்கு வராது. மூன்றாம் வாரத்தில் ஆண் நிறம் காட்டும்.

எந்த நோய்க்குப் பயப்பட வேண்டும்?

வெல்வெட் நோய்தான் அதிகம். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் உடம்பில் மஞ்சள் பொடி தூவியது போலத் தெரியும், துடுப்பை ஒடுக்கி உடம்பை உரசும். உப்பை லிட்டருக்கு 2, 3 கிராம் வரை படிப்படியாக ஏற்றி, டேங்கை ஒரு வாரம் துணியால் மூடி இருட்டாக்குங்கள். குஞ்சுகளில் இது ஓரிரவில் மொத்தத்தையும் முடித்துவிடும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு எப்போதும் வேண்டும் என்றது இதற்காகத்தான்.

குளூகியா என்ற ஒட்டுண்ணி இன்னும் மோசம். உடம்பில் வெள்ளைக் கட்டிகள் எழும், மருந்து கிடையாது. கட்டி உடைந்து வித்துகள் நீரில் கலக்கும் முன் அந்த மீனை எடுத்துவிடணும். வலை, டேங்க், ஃபில்டர் அனைத்தையும் ப்ளீச்சில் ஊறவைத்து, புது டேங்கில் முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழு இப்படிப்பட்ட நோய்களுக்கு வாசல், அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆய்வுக்கூடங்கள் இந்த மீனை ஏன் இவ்வளவு விரும்புகின்றன?

முதுமையைச் சில மாதங்களில் பார்த்துவிடலாம் என்பதால். எலிக்கு இரண்டு மூன்று ஆண்டு, வரிக்குதிரை மீனுக்கு அதைவிடவும் கூடுதல். ஃபர்ஸேரி குறுகிய காலத்தில் நிறம் மங்கி, முதுகு வளைந்து, நினைவு தளர்ந்து, ஈரலில் கட்டி வந்து, நமக்கு வரும் முதுமை அடையாளங்கள் பலவற்றைக் காட்டுகிறது. 2015இல் ஜெனாவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இருந்த குழுக்கள் இதன் மரபணுத் தொகுதியை வெளியிட்டன, 19 இணை குரோமோசோம்கள். 2017இல் கொலோன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், 6 வார இளம் மீனின் குடல் நுண்ணுயிர்களை 9.5 வார நடுவயது மீனுக்குக் கொடுத்தபோது ஆயுள் நீண்டது.

கொசுவை ஒழிக்க நம் குளத்தில் விடலாமா?

கூடாது. அயல் மீனை வெளி நீரில் விடுவது எங்கேயும் தவறு. அந்த வேலைக்கு அப்லோகைலஸ் ஏற்கெனவே இங்கே இருக்கிறது, கொசுப்புழு அதன் அன்றாடத் தீனி. மிஞ்சிய ஃபர்ஸேரி முட்டை, நார்த்தூள், டேங்க் நீர் எதையும் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். கொதிநீர் ஊற்றிய பிறகே வெளியே போடுங்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் ஜி.ஆர்.இசட்., எம்.இசட்.எம்.-0403 என்பதெல்லாம் என்ன?

எந்தக் குட்டையிலிருந்து வந்தது என்ற முகவரி. ஜி.ஆர்.இசட். என்றால் கோனாரெஷோவில் பிடித்த அந்தப் பழைய வம்சம். தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே இனம் பெருக்கியதால் மீனுக்கு மீன் மரபணு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. எம்.இசட்.எம்.-0403 என்றால் மொசாம்பிக், 2004, மூன்றாவது இடம். இந்த மீன் குட்டை விட்டுக் குட்டை போவது வெள்ளம் கரைபுரளும் அரிய ஆண்டுகளில்தான். அதனால் பக்கத்துக் குட்டைகளுக்கு இடையிலும் மரபணு வேறுபாடு இருக்கும். இரண்டு வம்சத்தைக் கலந்து பெருக்கியவர் அழகான மீன்களைப் பெறலாம், ஆனால் அவை எந்தக் குட்டையின் மீன்களும் அல்ல, திரும்பப் பிரிக்கவும் வழியில்லை. அங்கே குட்டைகள் நெல் வயலாகவும் சாலையாகவும் மாறிக்கொண்டிருக்கும்போது, ஒரு பையின் மேல் எழுதிய குறியே சில கூட்டங்களுக்கு மிஞ்சும் ஒரே முகவரி ஆகலாம். முட்டை வாங்கும்போது குறி கேளுங்கள். குறி இல்லாமல் வந்ததை ‘குறி இல்லை’ என்றே எழுதி வையுங்கள், ஊகித்து ஒன்றை எழுதிவிடாதீர்கள்.